சென்னையை 'ஹென்னாய்' என்று எழுதினால் சும்மா இருப்பீர்களா?

போலந்து டென்னிஸ் வீராங்கனை ஒருவர் இருக்கிறார். பிரெஞ்சு ஓப்பன் பட்டத்தை நான்கு முறையும், 2025-ல் விம்பிள்டனையும் வென்றவர். அவர் பெயரைத் தமிழ்ச் செய்திகளில் தேடிப் பாருங்கள். ஸ்வியாடெக், ஸ்வாடெக், ஸ்வைடெக் என்று ஆளுக்கொன்று எழுதியிருப்பார்கள். அவரையே கேட்டால் 'ஷ்வியோன்தெக்' என்பார். நம்மவர்கள் எழுதிய எதிலும் நடுவில் இருக்கும் 'ஓன்' கிடையாது.

சின்ன விஷயம்தானே, இதற்கு ஒரு பதிவா என்று கேட்பீர்கள். சின்ன விஷயம் இல்லை. வீட்டில் யாழினி, எழிலி, கனிமொழி என்று பெயர் வைத்த குழந்தை இருந்தால், அதுவும் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தால், இது உங்கள் வீட்டு விஷயம்தான். கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

புனேயில் உட்கார்ந்துகொண்டு எனக்கு எதற்கு போலந்து வம்பு? காரணம் இருக்கிறது. பல வருடமாக எங்கள் அலுவலகத்துக்குக் கூட்டாளிக் குழு அந்த நாட்டில்தான். ஊர் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்தால் 'ரோக்லா' என்று வாசிக்கத் தோன்றும். அங்கே இருப்பவர்கள் சொல்வது 'வ்ரொத்ஸ்வாஃப்'. ஜெர்மானியர் கையில் இருந்தபோது பிரெஸ்லாவ். ஒரே ஊர். தினமும் காதால் கேட்கிற பெயர்களையும் தமிழில் அச்சாகிற பெயர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து எரிச்சலானதன் விளைவுதான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு பெரிய மனிதரை எடுத்துக்கொள்வோம். 1980 ஆகஸ்டில் க்தான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியவர், 1983-ல் அமைதிக்கான நோபல், 1990 முதல் 1995 வரை நாட்டின் அதிபர். தமிழில் அவர் 'லெக் வலேசா'. அவர் ஊரில் 'லெஹ் வவென்ஸா'. அந்தப் பெயரில் ஆங்கில எல் மாதிரி ஒரு எழுத்து, நடுவில் குறுக்குக் கோடு போட்டிருக்கும். அதற்கு ஒலி 'வ'. ஈ மாதிரி ஒரு எழுத்து, அடியில் வால் இருக்கும். அதற்கு ஒலி 'என்'. ஆங்கிலத் தட்டச்சில் கோடும் போயிற்று, வாலும் போயிற்று. மிச்சம் இருந்ததை நாம் தமிழில் இறக்கிக்கொண்டோம்.

ரஷ்யர்கள் அவரை 'வலென்சா' என்கிறார்கள். லாத்வியாவில் 'லெஹ்ஸ் வலென்சா'. செர்பியாவில் 'லெஹ் வலென்சா'. அவர்களும் 'ல' போடுகிறார்களே என்று மடக்காதீர்கள். அந்தக் கோடு போட்ட எழுத்து ஒரு காலத்தில் போலிஷ் மொழியிலேயே அழுத்தமான ஒரு 'ல'வாகத்தான் இருந்தது, பிற்பாடு 'வ' ஆனது. பங்காளி மொழிக்காரர்கள் பழைய உறவை வைத்து 'ல' எழுதுகிறார்கள். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. நடுவில் உள்ள 'ன்' ஒலியையும் அவர்கள் விடவில்லை. நம் 'வலேசா'வில் என்ன கணக்கு? ஆங்கிலப் பத்திரிகையில் எப்படி அச்சாகியிருந்ததோ அப்படி. அவ்வளவுதான்.

லாத்வியர்களும் லிதுவேனியர்களும் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். வெளிநாட்டுப் பெயரைத் தங்கள் மொழியின் ஒலிக்கு மாற்றி, பின்னால் தங்கள் விகுதியையும் ஒட்டுவார்கள். போலந்தின் மகாகவி ஆதம் மித்ஸ்கியேவிச் லிதுவேனியாவில் 'அதோமாஸ் மித்ஸ்கேவிச்சியுஸ்'. இது எனக்குத் தப்பாகவே தெரியவில்லை. கம்பன் விபீஷணனை வீடணன் ஆக்கினான், லட்சுமணனை இலக்குவன் ஆக்கினான். வடசொல் தமிழுக்குள் எப்படி வரவேண்டும் என்று தொல்காப்பியமே விதி சொல்கிறது. அவ்வளவு தூரம் போவானேன், வ்ரொத்ஸ்வாஃப் பக்கத்து நாட்டுக்காரர் இல்லை, அதே போலந்தைச் சேர்ந்த கரோல் வொய்த்திவா 1978-ல் போப் ஆனார். 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தார். நம் கத்தோலிக்கர்கள் அவரை இரண்டாம் அருள் சின்னப்பர் என்று அழைத்தார்கள். அழகாக இல்லை? ஒரு மொழி வெளிப்பெயரைத் தன் வாய்க்கு ஏற்ப மாற்றுவது அதன் உரிமை.

என் சண்டை அந்த உரிமையோடு இல்லை. அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் ஆங்கிலத்தின் தவறான வாசிப்பை வாங்கி வந்து தமிழ் எழுத்தில் ஒட்டுகிறோமே, அதோடுதான் சண்டை. வீடணன் தமிழ் வாய் பிறப்பித்த பெயர். வலேசா எந்த வாயும் பிறப்பிக்காத பெயர்.

இதற்கு நல்ல சாட்சி நம் பள்சிப் பாடம் என்று சொல்லலாம் போல, மன்னிக்க, பள்ளிப் பாடம் :-) வர்ஷாவா நகரில் மரியா ஸ்க்வொதொஃப்ஸ்கா என்ற பெண் பிறந்தார். பாரீஸ் போனார், பிரெஞ்சில் 'மரீ' ஆனார். ஆங்கிலேயர் அதை 'மேரி' என்றார்கள். நாமும் மேரி கியூரி என்று படித்தோம். போலிஷ் பெயரின் பிரெஞ்சு வடிவத்தின் ஆங்கில வாசிப்பு நம் பாடப்புத்தகத்தில். 'மரியா' என்று எழுதுவதில் தமிழுக்கு என்ன கஷ்டம்? தூத்துக்குடியில் தெருவுக்கு நாலு மரியா இருப்பார்கள். அந்த அம்மையாரோ ஸ்க்வொதொஃப்ஸ்கா-க்யூரி என்று இரண்டையும் சேர்த்தே கையெழுத்துப் போட்டவர். 1898-ல் கண்டுபிடித்த தனிமத்துக்கு, வரைபடத்திலேயே இல்லாத தன் நாட்டின் பெயரைத்தான் வைத்தார். பெயர் என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கணினித் துறைக்காரர்களுக்கு இன்னொன்று. 'ரிவர்ஸ் போலிஷ் நொட்டேஷன்' படித்திருப்பீர்கள். அதன் மூலமான குறியீட்டு முறையை 1920-களில் உருவாக்கிய தர்க்கவியலாளர் யான் வுகஷேவிச். அவர் பெயரைச் சொல்ல வாய் வராமல்தான் 'போலிஷ்' என்று நாட்டின் பெயரை வைத்துவிட்டார்கள் என்று சொல்வதுண்டு. வு-க-ஷே-விச். நாலே அசை. திருவனந்தபுரம் என்று மூச்சு விடாமல் சொல்கிற நமக்கு இது ஒரு பெயரா?

இப்போது வழக்கமான மறுப்புகளுக்கு வருகிறேன்.

"தமிழில் அந்த ஒலிகளுக்கு எழுத்து இல்லையே சார்." இதைத்தான் அதிகம் சொல்கிறார்கள். உண்மை நேர் எதிர். போலிஷ் பெயருக்குத் தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட எத்தனையோ மேல். போலிஷ்காரர் நாக்கு பல்லைத் தொட்டுத்தான் த, ந்த சொல்வார். நம் 'த' அச்சாக அதேதான். ஆங்கிலத்தில் த, ட வித்தியாசம் நம்மைப்போல் இல்லாததால் நாம் எல்லாவற்றுக்கும் 'ட' போடுகிறோம். கால்பந்து வீரரை 'லெவாண்டோவ்ஸ்கி' என்கிறோம். அவர் 'லெவந்தொஃப்ஸ்கி'. சினிமா இயக்குநர் ஆந்த்ஜேயின் குடும்பப் பெயர் நம் கோர்ட்டில் வாங்குகிற 'வாய்தா'வேதான். உலக சினிமா விமர்சனங்களில் அவர் 'வாஜ்டா'. 'வந்தா' என்று ஒரு பெண் பெயர் உண்டு, தமிழில் "அவ வந்தா" என்று சொல்லும்போது வருகிற அதே வந்தா. நாம் 'வாண்டா' என்று எழுதுகிறோம். 'மூன்று வண்ணங்கள்' வரிசைப் படங்களை எடுத்த கெஷ்லொஃப்ஸ்கியின் முதல் பெயரைப் பார்த்தால் ஆங்கிலேயர் மயங்கி விழுவார். ஆரம்பத்திலேயே மூன்று மெய்யெழுத்து. ஒலி என்னவோ 'க்ஷிஷ்தொஃப்'. தொடக்க ஒலிக்கென்றே நம்மிடம் 'க்ஷ' என்று தனி எழுத்தே இருக்கிறது! கொப்பர்நிக்கஸ் பிறந்த ஊர் 'தொருஞ்'. கடைசியில் 'ஞ்'. ஆங்கிலத்தில் அதற்கு எழுத்து கிடையாது, நம்மிடம் இருக்கிறது. இருந்தும் 'டோருன்' என்று எழுதுகிறோம். வீட்டில் நெய் இருக்க, பக்கத்து வீட்டு டால்டாவை வாங்கி ஊற்றுகிற கதை.

"கிரந்த எழுத்தெல்லாம் வேண்டாம்" என்கிற தனித்தமிழ் நண்பர்களுக்கும் பதில் உண்டு. வேண்டாம் என்றால் 'இலேகு வவெஞ்சா' என்று எழுதுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. மூலம் போலிஷ் ஒலியாக இருக்கட்டும். கிரந்தம் கூடாது என்று கொள்கை பேசிவிட்டு ஆங்கில ஸ்பெல்லிங்கை எழுத்தெண்ணி மாற்றுகிறவர்களைத்தான் புரியவில்லை.

"எல்லாரும் வார்சா என்கிறார்கள், நீ மட்டும் வர்ஷாவா என்றால் எவனுக்குப் புரியும்?" இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. வேரூன்றிய பெயர்கள் அப்படியே இருக்கட்டும். எல்லா மொழியிலும் இது உண்டு. போலிஷ்காரர்கள் ஜெர்மனியை 'நியெம்த்ஸி' என்கிறார்கள், மூனிக் நகரத்தை 'மொனாஹியும்' என்கிறார்கள். வார்சாவை நான் கேட்கவில்லை. நேற்று வரை தமிழில் எழுதப்படாத பெயர் இன்று முதல்முறை வருகிறதே, அதைக் கேட்கிறேன். 2018-ஆம் ஆண்டுக்கான இலக்கிய நோபல் ஓல்கா தொகார்ச்சுக்குக்கு 2019-ல் அறிவிக்கப்பட்டபோது எந்தத் தமிழ் வழக்கும் அவர் பெயருக்கு இல்லை. அன்று எப்படி எழுதுகிறோமோ அதுதான் பிறகு நிலைக்கும். அந்த மொழிக்காரர் பேசும் காணொளி இரண்டு நிமிடத்தில் கிடைக்கிற காலத்தில் காதைத் திறக்காமல் எழுதுவது சோம்பேறித்தனம்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். போலிஷ்காரர்கள் நம் பெயரை எப்படி எழுதுகிறார்கள் தெரியுமா? அவர்கள் எழுத்துமுறையில் சி-யும் எச்-சும் சேர்ந்தால் 'ஹ'. நாம் அவர்களுக்குச் செய்கிறபடி அவர்களும் ஆங்கில ஸ்பெல்லிங்கை அப்படியே எடுத்துக்கொண்டு வாசித்தால் நம் தலைநகரம் 'ஹென்னாய்' ஆகியிருக்கும். அவர்கள் அதற்கு இடம் வைக்கவில்லை. தங்கள் எழுத்தில் தலைக்கோடு போட்ட ஒரு சி உண்டு, நம் 'ச்ச'வுக்கு ரொம்பப் பக்கம். அதைப் போட்டு, கடைசியில் 'ய்' ஒலி தரும் ஜே-வைப் போட்டு, 'சென்னய்' என்று ஒலிக்கிறபடி எழுதுகிறார்கள். பம்பாயையும் அப்படித்தான் தங்கள் ஒலிக்கணக்கில் எழுதினார்கள். ஷேக்ஸ்பியரையும் வாஷிங்டனையும்கூடத் தங்கள் எழுத்தில் ஒலிப்படி எழுதுகிற மரபு அங்கே உண்டு.

இந்த ஊர்க்காரர்களுக்கு இன்னொரு தகவல். 1942 முதல் ஜாம்நகர் அருகே பாலாசடியில் நவாநகர் மகாராஜா திக்விஜய்சிங்ஜி போலந்துக் குழந்தைகளுக்கு அடைக்கலம் கொடுத்தார். புனேயிலிருந்து காரில் போகிற தூரத்தில், கோலாப்பூர் பக்கத்து வளிவடேயில், 1943 முதல் 1948 வரை சுமார் 5,000 போலந்து அகதிகள் வாழ்ந்தார்கள். அந்த நன்றிக்காக வர்ஷாவாவில் ஒரு சதுக்கத்துக்கு 'நல்ல மகாராஜா சதுக்கம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையில் 'மகாராஜா' என்ற சொல்லின் 'ஜ'வை எழுத, ஆங்கில ஜே-வை அவர்கள் போடவில்லை. போட்டால் 'மகாராயா' ஆகிவிடும். தங்கள் எழுத்தில் 'ஜ'வுக்கு உரிய கூட்டெழுத்தைப் போட்டிருக்கிறார்கள். நம் சொல்லை நம் வாயிலிருந்து கேட்டு எழுதியிருக்கிறார்கள். சென்னையிலேயே 1944-ல் போலிஷ்-இந்திய நூலகம் என்ற பதிப்பு முயற்சியை நடத்தியவர் வந்தா தினொஃப்ஸ்கா. உமாதேவி என்ற பெயரோடு இந்த நாட்டிலேயே வாழ்ந்து 1971-ல் மறைந்தவர். அவரை 'வாண்டா டைனோஸ்கா' என்று எழுதுவது நாம் செய்யும் மரியாதையா?

சரி, யாழினிக்கு வருவோம். தமிழ் 'ழ'வுக்கு ஆங்கிலத்தில் இசட்-எச் போடுகிறோம். வடக்கே அதைப் பார்த்தவுடன் 'ஜ' என்கிறார்கள். யாழினி யாஜினி ஆகிறாள், கனிமொழி கனிமோஜி ஆகிறாள். என் மகளை ஒரு பள்ளியில் இரண்டு வருடம் 'ஏஜிலி' என்று கூப்பிட்டார்கள். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மராத்தியில் 'ள' இருக்கிறது, தினப்படிப் பேச்சில் புழங்குகிற எழுத்து. எங்கள் பக்கத்து வீட்டு ஆஜி என் மகளின் பெயரைக் காதால் கேட்டவர். "எளிலி" என்று கூப்பிடுகிறார். நம்மவர்களிலேயே பாதிப்பேர் அப்படித்தானே சொல்கிறோம்? ஆங்கில எழுத்தைப் பார்த்தவர்கள்தான் 'ஏஜிலி' ஆக்கினார்கள். தேவநாகரியில் 'ள'வுக்கு அடியில் ஒரு புள்ளி வைத்து 'ழ'வுக்கென்றே ஒரு எழுத்து உண்டு. பயன்படுத்துவோர்தான் அபூர்வம். காது சரியாகச் சொன்னதை ஆங்கில ஸ்பெல்லிங் கெடுக்கிறது. வவென்ஸாவுக்கு நேர்ந்ததும் யாழினிக்கு நேர்வதும் ஒன்றுதான்.

சதுரங்கத்தில் நம் ஆனந்தை உலகம் 'விஷி' ஆக்கியது. விஸ்வநாதன் அவர் அப்பா பெயர் என்று எத்தனை பேருக்குச் சொல்லிச் சலித்தோம்? அவர் விளையாடிய 'நய்தோர்ஃப்' தடுப்பாட்டத்தை நாம் 'நஜ்டார்ஃப்' என்கிறோம். போலந்தில் பிறந்த அந்த ஆட்டக்காரர் 1939-ல் அர்ஜென்டினாவில் தங்கியவர், முதல் பெயரும் அங்கே மிகெல் ஆயிற்று. அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எண்ணி நம்மைக் கூப்பிடுகிறவர்கள் மேல் கோபப்படும் நாம், அடுத்தவர் குடும்பப் பெயரில் எவ்வளவு கவனம் காட்டுகிறோம்?

இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை, காகிதப் பிரச்சினையும்கூட. தரவுத்தளத்தில் பெயர் தேடும் 'சவுண்டெக்ஸ்' முறை அமெரிக்காவில் 1918-ல் காப்புரிமை பெற்றது. அதில் மாஸ்கோவிட்ஸ் என்ற பெயரை டபிள்யூ போட்டு எழுதினால் எம் 232, வி போட்டு எழுதினால் எம் 213. ஒரே குடும்பத்து அண்ணன் தம்பி இரண்டு பெட்டியில் விழுவார்கள். கிழக்கு ஐரோப்பியப் பெயர்களுக்காகவே 1985-ல் டெய்ச்-மொக்கொட்டாஃப் என்று தனி முறை உருவாக்க வேண்டியிருந்தது. கனிமொழியை இசட்-எச் போட்டு எழுதினால் கே 552, எல் போட்டு எழுதினால் கே 554. இரண்டு ஆள்! பாஸ்போர்ட் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழ் ஒரு மாதிரி என்று அலைந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அதனால்தான் இரண்டு இடத்தைப் பிரிக்கச் சொல்கிறேன். செய்தி, கதை, பேச்சு எல்லாம் ஒலி. அரசாங்கக் காகிதம் பெயருக்கு உரியவரின் விருப்பம். லிதுவேனியாவில் சுமார் 1.8 லட்சம் போலிஷ்காரர்கள் இருக்கிறார்கள். அந்த மொழி அகரவரிசையில் டபிள்யூ கிடையாது என்பதால் அவர்கள் பெயரை அடையாளச் சான்றிதழில் வி போட்டுத்தான் எழுதினார்கள். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2022 ஜனவரியில் நாடாளுமன்றம் சட்டம் போட்டு டபிள்யூ, க்யூ, எக்ஸ் மூன்றையும் பெயர்களில் அனுமதித்தது. மே மாதம் அமலுக்கு வந்ததும், அப்போதைய நீதித்துறை அமைச்சர் தொப்ரொவொல்ஸ்காவே தன் பெயரில் டபிள்யூவைத் திரும்பப் போட்டுக்கொண்டார். கோடு போட்ட எல் முதலான குறிகளுக்கு அந்தச் சட்டம் இடம் தரவில்லை. ஒற்றை எழுத்துக்கு எத்தனை வருடப் போராட்டம் பாருங்கள். சின்ன விஷயம் என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நன்றாக இருக்காது. அடுத்த முறை போலிஷ் பெயர் கண்ணில் பட்டால் உதவும்:

1. குறுக்குக் கோடு போட்ட எல் = வ.
2. டபிள்யூ = வ. சொல்லின் கடைசியிலும் ஸ், க் போன்றவற்றுக்கு முன்னாலும் ஃப்.
3. ஜே = ய. எனவே ஜான் இல்லை, யான்.
4. சி = த்ஸ. சி-இசட் = ச்ச. எஸ்-இசட் = ஷ. சி-எச் = ஹ.
5. ஆர்-இசட் = ஏறக்குறைய ஜ. க், ப், த் ஆகியவற்றுக்குப் பின்னால் வந்தால் ஷ.
6. தலைக்கோடு போட்ட ஓ = உ. கிராக்கோவ் இல்லை, க்ராக்குஃப்.
7. வால் வைத்த ஏ = ஓன். வால் வைத்த ஈ = என்.
8. தலைக்கோடு போட்ட என் = ஞ்.
9. டி-க்கெல்லாம் த போடுங்கள். ட வேண்டாம்.

ஒன்பதே விதி. ஆங்கிலத்துக்கு இப்படி ஒன்பது விதியில் வாசிப்பைச் சொல்ல முடியுமா? போலிஷ் எழுத்துமுறை பார்க்கத்தான் பயமுறுத்தும், படித்தால் ஒழுங்கானது.

தமிழில் எழுதுகிற பத்திரிகைக்காரர்களுக்கும் விக்கிப்பீடியா நண்பர்களுக்கும் ஒரே கோரிக்கை. புதுப் பெயர் வரும்போது அது எந்த மொழிப் பெயர் என்று முதலில் கேளுங்கள். ஆங்கிலத்தைப் பாலமாக வைக்காதீர்கள், நம்மிடம் நேர்வழி இருக்கிறது. வெளியூரில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கும் ஒன்று. பள்ளியில் பெயர் தவறாகப் பதிவானால் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். ஆசிரியர் முன்னால் நின்று ஒருமுறை வாயால் சொல்லுங்கள், உள்ளூர் எழுத்தில் எழுதியும் கொடுங்கள். அதே ஆசிரியரின் பெயரையும் கேட்டுச் சரியாகச் சொல்லப் பழகுங்கள். கேட்கிற உரிமை கொடுத்தால்தான் வரும்.